சின்ன மருமகன்

மாமா, மாமிக்கு நான் மூத்த மருமகன். வெகுகாலம் ஒரே மருமகனாகவும் இருந்தேன். மாமாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, மாமியின் பொதிகளை வவுனியாவுக்கு அனுப்புவது, ரீவி படம் காட்டாமல் நின்றால் வந்து தட்டிப் பார்ப்பது எல்லாமே என் வேலை. அலுத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாயிற்று. மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேல் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்த, மெலிந்த, நடந்தால் காலடி கேட்காத ஒரு மனிதர் எனக்குச் சகலனாக வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் நான் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசமாட்டார். அரசியலுக்கு வரமாட்டார். ஒரு பகிடியைக்கூட முழுதாகச் சொல்லத் தெரியாது. இவரால் எனக்கு என்ன ஆகிவிடும் என்று இருந்தேன்.

மாமி தோசைமா அரைக்கும் கிரைண்டர் ஒன்று வாங்க ஆசைப்பட்டார். நான் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, வந்து சொன்னேன்: "மாமி, உந்தப் பெரிசை எடுங்கோ. அதுதான் திறம்." மாமி "ம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலன் வந்தபோது அவரிடமும் கேட்டார். அவர் எதையும் சிபாரிசு செய்யவில்லை.

"மாமி, கிழமைக்கு எத்தினை தரம் அரைப்பியள்?"

"ஒருக்கா. பிள்ளையள் வந்தா ரெண்டு தரம்."

"கல்லை ஆர் தூக்கிக் கழுவுறது?"

"நான்தான். இந்தாள் தூக்குமே?" என்று மாமாவைக் காட்டினார் மாமி.

"குசினியில எங்க வைக்கப் போறியள்?"

மாமி குசினியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார்: "அப்ப எனக்குச் சின்னன் காணும் என்ன?"

சின்னதுதான் வாங்கினார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நானே பாத்துத் தெரிஞ்செடுத்தனான்" என்பார் மாமி. அதே மூச்சில், "சின்ன மருமகன்ர மூளை ஒருத்தருக்கும் வராது" என்பார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கமுடியும் என்று மாமி யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். அன்று முழுக்க யோசித்தேன்.

அதுதான் அவர். பதில் சொல்லவே மாட்டார், கேட்பார். நாங்கள் சொல்லச் சொல்ல, எங்களுக்கு எது வேண்டும் என்பது எங்கள் வாயாலேயே வெளியே வரும். "அப்ப நான் இதைத்தான் எடுக்கவேணும் என்ன?" என்று நாங்கள் முடித்தால், "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று சிரிப்பார். கட்டில், கார், கோயில் அன்னதானத்துக்கு அரிசி, மாமாவுக்குக் கைத்தடி என்று எல்லாம் அவரிடம் போய்த்தான் திரும்பி வந்தன. என்னிடம் வந்த பேர்வழிகள்கூட, "எதுக்கும் அவரையும் ஒருக்காக் கேப்பம்" என்று எழும்பிப் போனார்கள்.

என் மகள் கடைசி வகுப்புகளுக்குப் பாடம் தெரிவுசெய்யும் காலம் வந்தது. நான் இரசாயனம் என்றேன், காரணங்களும் சொன்னேன். அவள் சித்தப்பாவோடு ஒரு பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, இசை எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"சித்தப்பா சொன்னவரோ?"

"நோ அப்பா. ஹீ ஜஸ்ட் லிசின்ஸ்."

மாமியாரை இழக்கலாம், அது பரவாயில்லை. மகளையும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை.

நானும் அந்த வித்தையைப் பழகிப் பார்த்தேன். மனைவி புதிதாகத் திரைச்சீலை போடவேண்டும் என்றபோது, உடனே நிறம் சொல்லாமல் என்னை அடக்கிக்கொண்டு கேட்டேன்: "எந்தப் பக்கத்தால வெயில் வருகுது? எத்தினை மணிக்கு வருகுது? உமக்கு வெயில் பிடிக்குமோ?"

"என்னப்பா, பொலிஸ் விசாரணையே?" என்றாள். அவர் கேட்டால் கரிசனம், நான் கேட்டால் விசாரணை.

பிறகு நாங்கள் நகரத்தை விட்டு மசிடன் மலையடிவாரத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு போனோம். பெரிய காணி. வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்வெளி. நிலத்துக்குள் குழாய் பதித்து, நேரம் வந்ததும் தலையை நீட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போய்விடும் ஸ்பிரிங்ளர்கள் வீட்டோடு வந்தன. அதை ஓடவிட்டு வருகிறவர்களுக்குக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் சகலனுக்குப் பங்கு இல்லை என்பது அதைவிடப் பெரிய பெருமை.

மெல்பேர்ண் நகரத்துக்குள் குளிரால் குழாய் வெடிப்பதைப் பற்றி யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மலையடிவாரத்தில் அப்படி இல்லை. எங்கள் முதல் குளிர்காலத்தில், புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்த ஒரு காலை, வெயில் ஏறியதும் முற்றத்தில் சீறும் சத்தம் கேட்டது. நிலத்துக்கு மேல் நின்ற வால்வுகளுக்குள் தண்ணீர் உறைந்து, உடல் பிளந்து, உருகியதும் பீறிட்டுக்கொண்டிருந்தது. மாமாவும் மாமியும் அந்த வார இறுதியில் எங்களோடு நின்றார்கள். மாமி சன்னலால் பார்த்து, "இது என்ன, குற்றாலமே?" என்றார்.

பக்கத்துக் காணியில் ஆடு வளர்க்கும் வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கெல்லாம் குளிர் தொடங்குமுன் குழாய்க்குள் காற்றடித்து உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிடவேண்டும் என்றார். அதற்கு ஒரு ஏர் கம்பிரசர் வேண்டும்.

இந்தமுறை நான் யாரையும் கேட்கப்போவதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன்: "இதை நான் பாக்கிறன். ஒருத்தருக்கும் போன் அடிக்கவேண்டாம்." அடுத்த இலையுதிர் காலம் வரும்வரை வாசித்தேன். குதிரைவலு என்ன, காற்றுத் தாங்கி எவ்வளவு பெரிது, எவ்வளவு அமுக்கம் கொடுக்கும் என்று எதைப் பார்த்தாலும் கூடிய இலக்கம் உள்ளதுதான் நல்லதாகத் தெரிந்தது. கடைசியில் இரண்டு சிலிண்டர் வைத்த, கன்றுக்குட்டி அளவில் ஒன்றை வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். கராஜுக்குள் அது நின்ற நிற்பைப் பார்க்கவே மனம் நிறைந்தது.

பிளக்கைக் கொண்டுபோய்ச் சுவரில் குத்தினேன். போகவில்லை. திருப்பிப் பார்த்தேன். கீழ்ப் பின் வழமையைவிட அகலம். பதினைந்து அம்பியர் பிளக். வீட்டில் இருந்தவை எல்லாம் பத்து அம்பியர்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சியவை நாளைக்கு அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகினம்தானே," என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவள் ஏற்கெனவே தங்கைக்குப் போன் அடித்துவிட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவர் வருமுன் காரியத்தை முடித்துவிட வேண்டுமென்று விடிந்ததும் கராஜுக்குப் போனேன். அந்த அகலமான பின்னைக் கொஞ்சம் அராவினால் சுவரில் இறங்கிவிடும். அரத்தைக் கையில் எடுத்து உட்கார்ந்திருக்கும்போது பின்னால் சகலன் சத்தமில்லாமல் வந்து நின்றார். வழியில் ரொட்டிக் கடையில் வாங்கிய பொட்டலம் கையில் இருந்தது.

"அண்ணை, அந்தப் பின்னை ஏன் அகலமாச் செய்திருக்கிறாங்கள்?"

எனக்குப் பதில் தெரியும். அதுதான் பிரச்சினை. "சின்னப் பிளக்கில குத்தாம இருக்க."

"குத்தினா?"

"வயர் சூடேறும்."

"ஓ," என்றார். நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

அவர் ஒரு பழைய பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். கம்பிரசரைத் தடவிப் பார்த்தார். நல்ல சாமான் என்று மனதாரச் சொன்னார். பிறகு தொடங்கினார்.

"உங்கட குழாய் எவ்வளவு அமுக்கம் தாங்கும்?"

"பொலி குழாய். அம்பதுக்கு மேல போகக்கூடாது எண்டு போட்டிருக்கு."

"இது எவ்வளவு குடுக்கும்?"

"நூத்தைம்பது."

"மிச்ச நூறும் எங்க போகும்?"

போவதற்கு இடம் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்ளர் தலைகளைக் கழற்றிக்கொண்டு வானத்துக்குப் போகும், இல்லாவிட்டால் ரெகுலேட்டரால் குறைத்துவைத்து அந்த நூறை ஒருநாளும் பாவிக்காமலே இருக்கவேண்டும்.

"அப்ப பிரச்சினை அமுக்கம் இல்லை," என்றேன் நான். "காத்துத்தான். நிமிசத்துக்கு எத்தினை லீற்றர் காத்து வருகுது எண்டதுதான் பாக்கவேணும். காத்துக் காணாட்டி தண்ணிக்கு மேலால ஊதிக்கொண்டு போயிடும், தண்ணி அங்கயே நிக்கும்."

"ஓமோ?" என்றார், ஏதோ புதிதாகக் கேட்பவர் மாதிரி. "ஒரேயடியா முழுக் குழாயையும் ஊதவேணுமோ?"

"இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு இருக்கு. ஒண்டொண்டாச் செய்யலாம்."

"தாங்கி திருப்பி நிரம்புமட்டும் காத்திருக்கவேணும் என்ன. உங்களுக்கு அவசரமோ அண்ணை?"

"எனக்கென்ன அவசரம்? வருசத்துக்கு ஒருக்காத்தானே."

"வேற எதுக்கும் பாவிப்பியளோ?"

"கார் டயருக்குக் காத்தடிக்கலாம்."

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுப் பிளக்கில் ஓடக்கூடியவற்றில் கூடக் காற்றுக் கொடுப்பது எதுவோ அது காணும். நடுத்தரத் தாங்கி, நல்ல ரெகுலேட்டர், இழுத்துக்கொண்டு போகச் சில்லு. ஒவ்வொரு பக்கமாக, நிரம்பவிட்டு, நிரம்பவிட்டு, இரண்டு தரம் ஊதினால் முடிந்தது. "இதைக் குடுத்திட்டு மற்றதை எடுப்பம்," என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

அன்று முற்பகலிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம். தண்ணீரைப் பூட்டி, புதிதாகப் போட்ட வால்வுகளுக்கு அப்பால் காற்றுக் குழாயைப் பொருத்தி, ரெகுலேட்டரைக் குறைத்து வைத்து, முதல் பக்கத்தைத் திறந்தேன். நிலத்துக்குள் ஏதோ இருமியது. ஸ்பிரிங்ளர்கள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. முதலில் தண்ணீர், பிறகு தண்ணீரும் காற்றுமாய்த் துப்பல், பிறகு வெறும் நீர்ப்புகை.

"இப்ப என்ன வருகுது அண்ணை?"

"புகைமாதிரி."

"இன்னும் விட்டா?"

"காஞ்ச காத்துச் சூடாகி உள்ளுக்குள்ள இருக்கிற பல்லுச் சில்லைத் திண்டிடும்." நிறுத்தினேன்.

போர்வை சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்து பார்த்த மாமா கைதட்டினார். மாமி, "சின்ன மருமகன் வந்தாத்தான் எல்லாம் சரிவரும்," என்றார். சகலன் உடனே திரும்பி, "இல்லை மாமி, எல்லாம் அண்ணைதான் தெரிஞ்செடுத்தவர். நான் சும்மா நிண்டனான்," என்றார்.

மாமா தலையை ஆட்டினார். "பாத்தியே, தான் செய்ததையும் தூக்கி மற்றவனுக்குக் குடுக்கிற பிள்ளை."

கொடுமை என்னவென்றால், தெரிந்தெடுத்தது உண்மையிலேயே நான்தான். எல்லாம் என் வாயால்தான் வந்தது. அந்தப் பச்சை உண்மையை நம்ப அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. என் மனைவிகூட என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று மத்தியானச் சாப்பாட்டில் மாமி அவருடைய தட்டில் போட்ட பெரிய இறால்களை எண்ணாமல் இருப்பதற்குப் பெரும்பாடுபட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த வேலைக்கு அவர் வந்தார். கூப்பிடாமலே வருவார். தாங்கி நிரம்பும்வரை இரண்டு வாளிகளைக் கவிழ்த்து இருப்போம். பிளேன்ரீ குடிப்போம். கம்பிரசர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைப்போம். கதைப்பது நான். என் அண்ணன் என்னோடு பேசாமல் போனது, வேலையிடத்தில் என்னைவிட இளையவன் எனக்கு மேலாக வந்தது, வீட்டிலும் சொல்லாதவற்றையெல்லாம் அந்த மனிதரிடம் கொட்டியிருக்கிறேன். அவர் கேட்பார்: "அண்ணன் என்ன சொல்லவேணும் எண்டு எதிர்பாக்கிறியள்?" நான் யோசிப்பேன். தாங்கி நிரம்பிச் சத்தம் தானாக நிற்கும். எழும்பி அடுத்த பக்கத்தைத் திறப்போம். அவர் கார் போன பிறகுதான் தோன்றும், அவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று. கேட்டிருந்தாலும் "அது கிடக்கட்டும் அண்ணை" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒருநாள் மைத்துனி தனியாக வந்தாள். குசினியில் அக்காவோடு கனநேரம் அழுதாள். நான் ஹோலில் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தேன்.

"நல்ல மனிசன் எண்டு எல்லாரும் சொல்லுறியள்," என்றாள். "நல்ல மனிசன்தான். உமக்கு எங்க போக விருப்பம், உமக்கு என்ன சாப்பிட விருப்பம், உமக்குப் பிள்ளை வேணுமோ எண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். தனக்கு வேணுமோ எண்டு ஒருநாள் வாய் திறந்து சொன்னவரே? நான் சண்டை பிடிச்சன். அதுக்கும், 'உமக்கு என்ன கோவம்?' எண்டு கேக்கிறார். அக்கா, நான் ஆரோட குடும்பம் நடத்தினனான்?"

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழும்பியது. கடைசியில் இந்த மனிதரிலும் ஒரு ஓட்டை. ஆனால் அந்தச் சந்தோசம் அன்று இரவுச் சாப்பாடுவரைகூட நிற்கவில்லை.

அவர்கள் பிரிந்தார்கள். சண்டை, வழக்கு ஒன்றும் இல்லை. மாமி அவருடைய பெயரைச் சொல்வதை நிறுத்தினார். கல்யாணப் படம் ஹோலில் இருந்து போய்விட்டது. வீட்டில் இருந்த அத்தனை சாமானும் அவர் கேட்ட கேள்விகளால் வந்தவை. இருந்தும் அப்படி ஒருவர் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. மாமி மறுபடியும் என்னிடம் கேட்கத் தொடங்கினார்: "தம்பி, ஹீற்றர் ஒண்டு வாங்கவேணும், எதை எடுக்க?" இத்தனை வருடங்களாக நான் காத்திருந்த கேள்வி. "பெரிசை எடுங்கோ" என்று சொல்ல வாய் வரவில்லை.

இலையுதிர் காலம் வந்தது. அவர் வரவில்லை. வரமாட்டார் என்று தெரிந்தும், கராஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முற்பகல் முழுவதும் நின்றேன். பிறகு வேலையைத் தனியாகவே செய்தேன். பிழை ஒன்றும் வரவில்லை. தாங்கி நிரம்பும்வரை மற்ற வாளியைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, மனைவியிடம் ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவரைத் தேடிப் போனேன். சந்தைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன யூனிட். கதவைத் திறந்தவர், "அண்ணை" என்றார். விலகி வழிவிட்டார். உள்ளே ஒரு மெத்தை நிலத்தில் கிடந்தது. மடக்குக் கதிரை ஒன்று. தேத்தண்ணீருக்குச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்தார்.

"கேத்தில் ஒண்டு வாங்கலாமே?"

"பாத்தனான் அண்ணை. ரெண்டு மூண்டு தரம் கடைக்குப் போனனான்." சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எதை எடுக்கிறது எண்டு தெரியேல்லை. திரும்பி வந்திட்டன்."

முதலில் பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

நான் எழும்பி, "அஞ்சு நிமிசம் இரும், போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் கண்ணில் பட்ட முதல் கேத்திலை எடுத்துக்கொண்டு வந்தேன். எத்தனை பேருக்கு, எவ்வளவு தண்ணீர் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. "இந்தாரும். இதுதான் திறம்," என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, பெட்டியைத் திறக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் பழக்கத்தில், அவர் என்னிடம் கேள்வி ஒன்றும் கேட்காமல் நின்ற ஒரே தரம் அதுதான்.

மறுபடியும் போகவேண்டும் என்றிருந்தேன். மாமா இறந்தார், மகளின் கல்யாணம் வந்தது, போகவில்லை. அவர் வீடு மாறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மறுபடி கல்யாணம் செய்ததாகவும் சொன்னார்கள்.

போன தைப்பொங்கலுக்குக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தோம். கும்பிட்டு முடிந்து, மனைவி முன்னுக்குக் காருக்குப் போய்விட்டாள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, "புல்லை எவ்வளவு உயரத்துக்கு வளர விடுவியள்?" என்று ஒரு குரல் கேட்டது. வேட்டி கட்டி, கொஞ்சம் உடம்பு வைத்து, அவர்தான் வெயிலில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் பெரிய உடம்பும் பெரிய குரலுமாய் ஒரு ஆள், போனில் புல்வெட்டும் இயந்திரங்களின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கணுக்கால் மட்டும். அதுக்கு மேல மனிசி விடமாட்டா."

"மேடு பள்ளம் இருக்கோ?"

"பின்பக்கம் கொஞ்சம். ஓ... அப்ப உந்தச் சின்னன் இழுக்காது எண்டுறியள்!"

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அண்ணை!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார். தன் மனைவியைக் காட்டினார், நல்ல சிரித்த முகம். அவள், "இவருக்கு வடை எண்டா உயிர், வாங்க நிண்டு லேற்றாப் போச்சு," என்றாள். வடை அவருக்கு உயிர் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. பிறகு அந்தப் பெரிய ஆளைக் காட்டி, "இவர் என்ர சகலன்," என்றார்.

"அண்ணை ஆர்?" என்றான் அவன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். "எங்கட அண்ணை," என்றார்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய தோளில் கையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "இவர் இல்லாட்டி எங்கட வீட்டில ஒரு கரண்டியும் வாங்கேலாது அண்ணை. மாமி என்னை இப்ப மதிக்கிறதே இல்லை," என்று வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்குக் கொஞ்சமும் எரிச்சல் இல்லை. சந்தோசமாக இருந்தான். அந்தக் கை அவருடைய தோளில் அப்படியே கிடந்தது. அதை எடுக்கச் சொல்லவேண்டும்போல் இருந்தது எனக்கு.

சுகம் விசாரித்தார், மகளைக் கேட்டார். மாமி எப்படி என்று கடைசியாக, மெதுவாகக் கேட்டார். நல்லா இருக்கிறா என்றேன். காருக்கு வந்தேன். மனைவி தூரத்தில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"சுகமா இருக்கிறாரோ?"

"ஓம்."

பிரதான வீதிக்கு வந்தோம். பிறகு கேட்டாள்: "பக்கத்தில நிண்ட அந்த மொத்தாள் ஆர்?"

"ஆரோ ஒருத்தன்," என்றேன். "ஒண்டும் தெரியாது அவனுக்கு. ஒரு புல்லு வெட்டுற மிசின் வாங்கிறதுக்கும் ஆளைக் கேட்டுக்கொண்டு திரியிறான்."